கார்டுக்கு ஒரு பாடு

புதிய கிராஃபிக்ஸ் கார்டு வந்த பெட்டியை நான்தான் பிரித்தேன். சென்னையில் நான் வேலை செய்யும் ஸ்டுடியோ விளம்பரங்களுக்கும் சினிமாவுக்கும் கிராஃபிக்ஸ் செய்து கொடுக்கும் இடம். நிறம் சேர்க்கிறவர்கள், மழையும் வெடிப்பும் உண்டாக்குகிறவர்கள் எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் பின்னால் ஒரு குளிர்ந்த சின்ன அறையில் இயந்திரங்களோடு இருப்பேன். எதையும் வரிசை போட்டுச் செய்கிற பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. வீட்டில் அதை வைத்துக் கிண்டல் செய்வார்கள். இயந்திரங்கள் கிண்டல் செய்வதில்லை.

அன்றும் வரிசை போட்டுக்கொண்டேன். முதலில் பவர் சப்ளையை மாற்ற வேண்டும், புதிய கார்டு இழுக்கும் மின்சாரத்தைப் பழையது தாங்காது. உள்ளே இருக்கும் ஒயர்களைக் காற்றுப் போகும் வழியிலிருந்து ஒதுக்க வேண்டும். பிறகு கார்டைப் பொருத்தி, அதன் மென்பொருளை ஏற்றி, கடைசியில் சோதனை. கார்டு கறுப்பாக, செங்கல் போல இருந்தது. வீட்டில் விளையாடுவதற்கு வாங்கும் கார்டுகளில் இருப்பது போன்ற வண்ண விளக்குகள் எதுவும் அதில் இல்லை. வேலைக்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு இருக்கிற அடக்கம் அதற்கு இருந்தது. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

ஏற்கெனவே ஆட்கள் செய்து முடித்த ஷாட் ஒன்றையே அதற்குக் கொடுத்து ஒப்பிடலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். மழையில் ஒரு பெண் துப்பட்டா பறக்க ஓடிவருகிற ஷாட். அவளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். ரோட்டோ என்பார்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் அவளுடைய உருவத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக் கோடு போட வேண்டும். ஒரு நொடிப் படத்துக்கே இருபத்துநான்கு ஃபிரேம். கை தனி, முடி தனி, துணி தனி. அந்த ஷாட்டுக்கு ஒரு வாரத்தின் பெரும்பகுதி போயிருந்தது.

கார்டில் ரோட்டோ செய்யப் பழக்கிய ஏஐ மாடலை ஓடவிட்டுவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

நம்பிக்கையில்லாமல் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈரத் துப்பட்டாவின் ஓரத்தில் சில இடங்களில் கொஞ்சம் பிசிறு. மற்றதெல்லாம் சுத்தம். பழைய கார்டில் ஒரு ஷாட்டைத் துண்டு துண்டாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். இதில் முழு ஷாட்டும் ஒரே தடவையில் உட்கார்ந்துவிட்டது. ஒரே கணக்கை ஆயிரக்கணக்கான கைகள் சேர்ந்தாற்போல் போடுகிற மாதிரி. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் சரியாகச் செய்வதைப் பார்த்தால் எனக்கு வருகிற சந்தோஷம் அது.

பிறகு ஒப்பிடுவதற்காகப் பழைய ஃபைலைத் திறந்தேன். லேயர்களின் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. வலது கைக்கு மடவை. இடது கைக்கு வாளை. முன்னால் விழும் முடிக்கு இறால்.

லேயர்களுக்கு மீன் பெயர் வைக்கிற ஒரே ஒருத்தி என் அண்ணி.

*

எங்கள் வீடு பழவேற்காட்டில், ஏரியோரக் குப்பம் ஒன்றில். அண்ணன் ஏரியில் இறால் வலை கட்டுகிறான். அண்ணி கல்யாணமாகி வந்ததிலிருந்து காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரி பஸ் ஏறுகிறவளாக இருந்தாள். கண்டக்டர் அவளைப் பின்படிக்குப் பக்கத்தில் நிற்கவைப்பார், தண்ணீர் சொட்டும் என்று. அதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் திருப்பிச் சொல்ல இவளிடம் நான்கு இருக்கும். ஆனால் கழுத்தில் வலி வந்து, கை மரத்துப்போக ஆரம்பித்தது. எலும்பு தேய்ந்திருக்கிறது, இனி தலையில் எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வேலை செய்யாமலே போய்விடும் என்று பொன்னேரியில் டாக்டர் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பழவேற்காடு டவுனில் ஓர் அக்கா தன் வீட்டு மாடியில் ரோட்டோ சென்டர் ஆரம்பித்திருந்தார். பரம்பரையாக வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். அவர் சென்னையில் அனிமேஷன் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். எங்கள் ஸ்டுடியோவின் ரோட்டோ வேலை எல்லாம் அவரிடம் போயிற்று. அந்த இணைப்பை உண்டாக்கிக் கொடுத்தவள் நான். குப்பங்களிலிருந்து எட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள், அண்ணியும் ஒருத்தி. பத்தாம் வகுப்போடு நின்றவள், மவுஸைப் பிடிக்கவே பயந்தவள், சில மாதங்களில் சென்டரின் கஷ்டமான ஷாட்களை எல்லாம் தானே கேட்டு வாங்கிச் செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு செய்கிற வேலை. அவளுக்கு அதைவிட்டால் வேறில்லை.

அதனால் அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் மனதில் இருந்த வரிசை சின்னதுதான். ஒன்று, அண்ணியிடம் நானே சொல்ல வேண்டும். இரண்டு, வேறு யாரிடமிருந்தாவது தெரிவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். மூன்றாவதாக எழுத எதுவும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவள் அடுப்படியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். அண்ணன் வாசற்படியில் தட்டை வைத்துக்கொண்டு பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு பாப்பா. கல்யாணமா?"

"இல்ல."

"அப்ப மெதுவாவே சொல்லு. அவசரம் இல்ல."

நான் சொன்னேன். கார்டு வந்தது, சோதனை செய்தது, மழை ஷாட், எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பது. வரிசையாகத்தான் சொன்னேன். அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எத்தினி பேரு வேலைய செய்யும்?"

"உங்க சென்டர்ல இருக்கிற எல்லாரோடதும்."

"சோறு?"

"கரண்டு மட்டும்."

"லீவு?"

"வேணாம்."

"திருவிழா, வளைகாப்பு, புள்ளைக்கு ஜொரம்?"

"ஒண்ணும் கெடையாது அண்ணி."

வாசலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "இன்னா பாப்பா இது, முன்னாடியே சொல்லக் கூடாதா? உங்க அண்ணிய வுட்டுட்டு அத்தக் கட்டியிருப்பேனே."

"கட்டியிருந்தா கரண்டு பில்லு பாத்தே மூச்சு நின்னிருக்கும் உனக்கு. சோத்தத் துன்னு" என்றாள் அண்ணி. பிறகு கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "எங்கள நிறுத்தப் போறாங்களா?"

"இன்னும் சொல்லல. ஆனா..."

"சொல்லல இல்ல? அப்ப அதுக்குள்ள நாம ஒண்ணு சொல்லலாம்." அவள் யோசித்ததெல்லாம் கை கழுவிய அந்த நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். "அதுக்கும் ஒரு பாடு வுட்டுடலாம்."

பாடு என்பது எங்கள் ஏரியில் முறை. ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் விழுந்தால் யாருக்கும் மிஞ்சாது. அதனால் குப்பத்துக்குக் குப்பம் நாள் பிரித்து, குப்பத்துக்குள் சீட்டுப் போட்டு வீட்டுக்கு வீடு இடம் பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்று உன் பாடு என்றால் அந்த இடத்தில் உன் வலைதான். நாளை என்னுடையது. உன் நாளில் எதுவும் படாவிட்டால் அதற்காக என் நாளில் வந்து நிற்க முடியாது. கல்யாணமான ஆண்களுக்குத்தான் அதில் பங்கு. பெண்கள் பெயரில் சீட்டு எழுதுவதில்லை.

"கார்டுக்கு ஒரு நாளு, எங்களுக்கு ஒரு நாளு" என்றாள் அண்ணி. "அதும் வந்துடுச்சி, தொரத்த முடியாது. நாங்களும் கீறோம். ஆளுக்கு ஒரு நாளுன்னு வச்சிக்கினா சண்டை இல்ல."

அப்போதே நான் சொல்லியிருக்கலாம், ஸ்டுடியோ ஏரி இல்லை என்று. அவள் முகத்தில் ஒரு வழி கிடைத்துவிட்ட தெளிவு இருந்தது.

*

அன்று மாலையே சென்டரில் எல்லாரும் கூடினார்கள். மாடி அறையில் எட்டு நாற்காலிகள், எட்டுத் திரைகள். உப்புக் காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதே இல்லை, கம்ப்யூட்டருக்குள் பச்சை பூத்துவிடும் என்று சென்டர் அக்கா உள்பக்கமாகத் துணி கட்டி வைத்திருந்தார். அண்ணி நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னாள். யாரும் பதறவில்லை. கோடையில் முகத்துவாரம் மணலில் அடைத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டால் எப்படி முகம் போகுமோ அப்படிப் போயிற்று.

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வருகிற பெண் மட்டும் சிரித்தாள். அவர்கள் கடலோரம், ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர்கள்.

"உங்க ஏரியிலதான் பாடு, சீட்டு எல்லாம். எங்க கடல்ல அதெல்லாம் இன்னா கீது? எவன்கிட்ட பெரிய இன்ஜின் கீதோ அவன் முன்னாடி போவான், வாரிக்கினு வருவான். பின்னாடி போறவன் தண்ணியப் பாத்துக்கினு வருவான்."

"அது கடலு" என்றாள் அண்ணி. "இது ஏரி மாதிரி. எடம் கொஞ்சம், ஆளு நெறைய. இதுக்கு முறைதான்."

"மெஷினுக்கு எந்தக் குப்பம்னு சீட்டுல எழுதுவ?"

"உன் குப்பம்னு எழுதறேன். நீதான இன்ஜின் இன்ஜின்ற."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். அறையில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். இல்லை, மூன்று பேர். சென்டர் அக்கா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

முழு முறையையும் அவர்களே பேசி முடித்தார்கள். ஒரு நாள் கார்டு, ஒரு நாள் சென்டர். கஷ்டமான ஷாட், லேசான ஷாட் என்று பிரித்து இரண்டு பக்கமும் கலந்து வர வேண்டும், நல்ல இடம் ஒருத்தருக்கே போகக் கூடாது. முதல் நாள் யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள். சென்டர் அக்காவின் மகள், சின்னக் குழந்தை, ஒன்றை எடுத்தாள். கார்டு வந்தது.

"வரட்டும்" என்றாள் அண்ணி. "மொத நாளு அதுக்கே. புதுசா வந்தது."

நான் அதை மெயிலாக எழுதி சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். அனுப்பும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்து நியாயமாக யோசித்த ஒரு விஷயத்தைக் குழந்தை எழுதிய கடிதம்போல ஒருவர் படிக்கப் போகிறார் என்பதற்காக இருக்கலாம்.

அவர் அப்படிப் படிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாகப் போயிற்று. இரண்டு முறை படித்தார். "நல்லா இருக்கும்மா. அடுத்த ப்ராஜெக்ட்ல செஞ்சு பாப்போம். நமக்கென்ன நஷ்டம்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ரோட்டோ செய்துதான் அவரும் மேலே வந்தவர். அந்த வேலையில் தன் பார்வை கெட்டதைப் பற்றி அடிக்கடி சொல்வார்.

*

அடுத்த ப்ராஜெக்ட் ஒரு புடவைக் கடை விளம்பரம். ஷாட்களை இரண்டாகப் பிரித்து வரிசையில் போடுகிற சின்ன புரோகிராமை நான் எழுதினேன். முதல் நாள் கார்டின் பாடு. அதற்கு ஒதுக்கியதைக் காலை டீக்கு முன்பே அது முடித்துவிட்டது. பேச்சுப்படி நான் அங்கேயே நிறுத்தினேன். கார்டின் வேலை அளவு பூஜ்யத்தில் நின்றது. விசிறிச் சத்தம் அடங்கியது. அதை அப்படிச் சும்மா வைத்திருப்பதில் எனக்கு ஒரு திருப்தி. ஒப்பந்தம் நடக்கிறது என்ற திருப்தி.

அப்போது சென்டர் அக்காவின் போன் வந்தது.

"ஒருத்தரும் வரலம்மா."

"ஏன்க்கா?"

"இன்னைக்கு மெஷினோட பாடாம். அதனால வரமாட்டாங்களாம். பழைய படத்துல திருத்தம் கெடக்கு, அதையாவது செய்யுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். தொடக் கூடாதுன்னு உங்க அண்ணி கறாராச் சொல்லிட்டாங்க."

அண்ணிக்குப் போன் செய்தேன். பின்னால் துணி துவைக்கிற சத்தம்.

"அண்ணி, பழைய வேலையச் செய்யலாமே. அது வேற."

"அதோட நாள்ல நாம வலை கட்டுனா நாளைக்கு நம்ம நாள்ல அது வந்து கட்டும்."

"அதுக்கு நீ வரியா இல்லையான்னு தெரியாது அண்ணி."

"அதுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியுதுல்ல?"

போனை வைத்துவிட்டு, கார்டு இன்னும் நின்றுதான் இருக்கிறதா என்று திரையில் பார்த்தேன்.

மாலையில் புடவைக் கடை முதலாளி ஸ்டுடியோவுக்கு வந்தார். நிறம் சேர்க்கிறவன் முடிந்த ஷாட்களைப் பெரிய திரையில் காட்டினான். முன்பெல்லாம் ஒரு நிறத்தை மாற்றினால் ரெண்டர் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய் வருவார்கள். இப்போது முதலாளி கேட்கக் கேட்க, புடவை அரக்காகி, பச்சையாகி, மறுபடி அரக்காகி, பின்னால் இருந்த மண்டபத்தில் காலை வெயில் மாலை வெயிலாக மாறியது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நிறம் சேர்க்கிறவனின் முகமும் அப்படித்தான் இருந்தது. கையில் நினைத்தது கண்ணில் உடனே வருகிற சந்தோஷம். அவனை நான் எப்படிக் குறை சொல்வேன்?

"மீதியும் நாளைக்கே பாத்துடலாமா?" என்றார் முதலாளி.

சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு அவங்க பாடு சார்" என்றேன். "அவங்க பங்கு வந்து சேர அடுத்த வாரம் ஆகும்."

"தெரியும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா கார்டு சும்மாதான இருக்கு?"

நான் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. அவர் தன் இடத்திலிருந்தே ப்ராஜெக்டின் தேதியை முன்னால் நகர்த்தினார். தேதி முன்னால் வந்தால் எது சீக்கிரம் முடிக்குமோ அதற்கு வேலை போக வேண்டும். எந்த ஸ்டுடியோவிலும் புரோகிராமை அப்படித்தான் எழுதுவார்கள், நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பின்னறையில் விசிறி மறுபடி இரைய ஆரம்பித்தது.

மறுநாள் சென்டரில் எட்டுப் பேரும் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார்களாம். அண்ணி பூ வைத்துக்கொண்டு வந்தாளாம். நான் சென்டர் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன், அவர் அவர்களிடம் சொன்னார். ஷாட்கள் அவர்களிடம் ஏற்கெனவே இறங்கியிருந்தன. "எங்க பாடு, நாங்க செய்யறோம்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வாரம் முழுவதும் அவர்களுடைய ஷாட்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பிசிறே இல்லாத வேலை. விளம்பரம் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தது. வந்து சேர்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். அந்தப் பதில் பொய்யில்லை.

*

சூப்பர்வைசருக்கு உறுத்தியிருக்க வேண்டும். கார்டு தவறவிடுகிற இடங்களைத் திருத்துகிற வேலையைச் சென்டருக்கே கொடுக்கலாம் என்றார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் மல்லிகைச் சரம், ஜரிகை ஓரம், ஈர முடி. அங்கெல்லாம் மாடல் தடுமாறும். அண்ணி சந்தோஷப்பட்டாள். நான் ஊருக்குப் போனபோது எனக்கென்று இறால் தொக்கு செய்து வைத்திருந்தாள்.

சாப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

"அண்ணி, நீங்க திருத்துறது எல்லாம் திரும்ப அதுக்குள்ளதான் போவுது. அடுத்த வாட்டி அந்த எடத்துல அது தப்பு பண்ணாது. நீங்க நல்லா திருத்தத் திருத்த, திருத்த வேண்டியது கொறையும்."

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப தப்பா திருத்தட்டுமா?"

விளையாட்டாகக் கேட்டாளா என்று முகத்தில் தேடினேன். விளையாட்டு இல்லை. அவள் என்னிடம் ஒரு டெக்னிக்கல் சந்தேகம் கேட்டிருந்தாள். எனக்கு விடையும் தெரியும். தப்பாகத் திருத்தினால் சரிபார்க்கிற இடத்தில் தெரிந்துவிடும், வேலை இன்னும் சீக்கிரம் போகும். நான் தட்டை எடுத்து வைத்தேன்.

"சரி வுடு" என்றாள் அவளே. "தப்பா போட ஒக்காந்தாலும் கை சரியாத்தான் போவுது. சொல்லிட்டல்ல, துன்னு."

அந்த நாட்களில் நான் வேறு வழிகளை வரிசை போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணிக்குச் சென்னை ஸ்டுடியோவிலேயே வேலை: தினமும் போய்வர வேண்டும், அந்தக் கழுத்தோடு இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் முடியாது, வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் அண்ணன் எங்கே வலை கட்டுவான். புதிய மென்பொருளை அவர்களுக்கே கற்றுக்கொடுப்பது: ஒரு ஞாயிறு முயன்றேன், சென்டர் கம்ப்யூட்டர்களில் மாடல் ஏறவே இல்லை, எங்கள் கார்டைத் தூரத்திலிருந்து பயன்படுத்தலாம் என்றால் அங்கே நெட் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த மாதிரிக் கார்டு ஒன்றை சென்டரே வாங்குவது: அக்கா விலையைக் கேட்டுவிட்டு, தங்கள் வீட்டை விற்றாலும் யோசிக்கத்தான் வேண்டும் என்று சிரித்தார். கல்யாண ஆல்பம் செய்வது: டவுனில் ஏற்கெனவே இரண்டு கடை, அவர்களும் இப்போது போனிலேயே செய்துகொள்கிறார்கள். பட்டியல் முடிந்தது. ஒரு பிரச்சினையைத் துண்டு துண்டாகப் பிரித்தால் எங்காவது ஒரு துண்டு கைக்குள் அடங்கும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். இதை எப்படிப் பிரித்தாலும் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில் இருந்தன.

திருத்த வேலை குறைந்தது. முதலில் மல்லிகைச் சரம் வரவில்லை. பிறகு ஜரிகை வரவில்லை. சென்டரில் நான்கு பேருக்கு வேலை இருந்தது, பிறகு இரண்டு, பிறகு ஒரு நாற்காலிக்கு மட்டும். அக்கா மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்தி வைத்தார். யாரை வைத்துக்கொள்வது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. என்னைக் கேட்டார். நான் எப்படிச் சொல்வேன், என் அண்ணியை வைத்துக்கொள்ளுங்கள் என்று?

அண்ணியே முடித்துவைத்தாள். இருக்கிற ஒரு நாற்காலிக்கு எட்டுப் பேரும் பாடு போட்டுக்கொண்டார்கள். எட்டு நாளைக்கு ஒருமுறை ஒருத்தி. லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்ணும் சீட்டு எடுத்தாள்.

அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "ஆமா, குப்பத்துல மொத வாட்டி பொம்பளைங்க பேருல பாடு. எனக்கு சமமா வந்துட்ட" என்றான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் குரல் மாறிவிட்டது. அவன் எழுந்து வலையைப் பார்க்கப் போய்விட்டான்.

*

போன வாரம் அண்ணியின் முறை வந்தது. காலையில் நான் பின்னறையில் என் திரையைத் திறந்தபோது சென்டரின் கம்ப்யூட்டர் எங்கள் நெட்வொர்க்குக்குள் வந்துவிட்டிருந்தது. என் பட்டியலில் அதன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, அதற்கு நேராக, காத்திருக்கிறது என்ற வார்த்தை. அன்று கார்டில் ஒரு பெரிய சினிமா வேலை போய்க்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து ஆயிரம் பேரைப் பிரித்தெடுக்கிற ஷாட். சரிபார்த்தவர் ஒரு திருத்தமும் போடவில்லை.

மதியம் வரை அந்தப் புள்ளி பச்சையாகவே இருந்தது. பழைய ப்ராஜெக்ட்களைத் திறந்து எங்காவது ஒரு பிசிறு இருக்கிறதா என்று பார்த்தேன். சில இருந்தன. எல்லாம் எப்போதோ வெளியே போன படங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து அவளுக்கு அனுப்பலாம், அவள் செய்வாள், நான் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு ஷாட்டை வரிசை வரை இழுத்துக்கொண்டு போனேன். அவள் அதைத் திறந்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். தேவையில்லாத வேலை எது என்று அவளுக்குத் தெரியும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போன் செய்தேன்.

"அண்ணி, இன்னிக்கு ஒண்ணும் வரல. வர்றதுக்கும் இல்ல. வூட்டுக்குப் போ."

"தெரியுது. காலைலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன்."

"அப்ப எதுக்குக் குந்தியிருக்க? வேணும்னா நாளைக்கு ஏதாச்சும் வந்தா உனக்கு..."

"நாளைக்கு லைட்ஹவுஸ் குப்பத்துக்காரியோடது" என்றாள், நான் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டதுபோல. பிறகு குரலை மெல்லமாக்கிக்கொண்டாள். "உங்க அண்ணன் தெனம் வாரிக்கினா வரான்? அவனோட நாள்ல ஒண்ணும் படலன்னா வலைய வுட்டுட்டு வந்துடறானா? சாய்ந்தரம் வரைக்கும் நிப்பான். நான் குந்திக்கினு கீறேன், அவ்ளோதான். நீ சாப்டியா?"

"சாப்பிடணும்."

"போ. போய் சாப்புடு. அத்தப் பாத்துக்கினே இருந்தா வந்துடுமா?"

போனை வைத்தேன். சாப்பிடப் போகவில்லை. என் திரையில் மேலே கார்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே அந்தப் பச்சைப் புள்ளி. கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் சென்டர் கம்ப்யூட்டர் தானாக உறங்கிவிடும், புள்ளி சாம்பல் நிறமாகும். அது சாம்பலாகவில்லை. அங்கே அவள் அவ்வப்போது மவுஸை அசைத்துக்கொண்டிருந்தாள்.